படம் கெடுத்ததா, பகை முன்பே இருந்ததா?

“படம் கெடுத்துவிட்டது!”

தீர்ப்பு வந்துவிட்டது. சாட்சி கூண்டேறவில்லை, குறுக்கு விசாரணை நடக்கவில்லை; தீர்ப்பு மட்டும் முந்திக்கொண்டு வந்துவிட்டது. 2025 டிசம்பர் இறுதியில், சென்னையிலிருந்து திருத்தணி நோக்கிச் செல்லும் புறநகர் மின்வண்டியில், வடமாநிலத் தொழிலாளி ஒருவரின் கழுத்தருகே அரிவாளை நீட்டிப் படம் பிடித்தனர் 4 சிறுவர்கள். பின்னர் திருத்தணியில் அவரை வெட்டினர். வெட்டியதையும் படமெடுத்து ஊருக்குக் காட்டினர். நால்வருக்கும் வயது 17.

கஞ்சா கெடுத்தது என்றனர் சிலர். கைப்பேசி கெடுத்தது என்றனர் சிலர். அரிவாள் தூக்கும் கதாநாயகர்கள் கெடுத்தனர், படம் கெடுத்தது என்றனர் பலர். காவல்துறையோ, வடமாநிலத்தவர் என்பதற்காகக் குறிவைத்து நடந்த தாக்குதல் அன்று இது என்று விளக்கம் தந்தது. ஆளுக்கொரு குற்றவாளியைப் பிடித்துக் கூண்டில் நிறுத்தியாயிற்று. இனி அவரவர் வேலையை அவரவர் பார்க்கலாம்!

நமக்கு அப்படிப் போய்விட முடியவில்லை. அந்த மின்வண்டி நம்முடையது. கொரட்டூர், பட்டரைவாக்கம், அம்பத்தூர், திருமுல்லைவாயில், அண்ணனூர், ஆவடி என்று நாம் நாள்தோறும் ஏறி இறங்கும் பாதையில்தான் அது ஓடுகிறது. அந்த வண்டியில் எத்தனையோ பேர் பயணம் செய்கிறார்கள். அலுவலர் உண்டு, ஆசிரியர் உண்டு, காய்கறி மூட்டையோடு வரும் தாய்மார் உண்டு. அவர்களில் எவர் கழுத்தையும் விளையாட்டுப் பொருளாக எண்ணாத அரிவாள், இவர் கழுத்தை மட்டும் ஏன் தேடிப் போயிற்று? வெறுப்பால் நடந்ததன்று என்றே வைத்துக்கொள்வோம். விளையாட்டாகவே நடந்தது என்று கொள்வோம். யாரை வைத்து விளையாடலாம் என்பதை அந்த 17 வயது உள்ளத்துக்குச் சொல்லிக் கொடுத்தது எது? “இவனுக்காகக் கேட்க ஆளில்லை” என்ற பாடத்தை அது எந்தப் பள்ளியில் படித்தது?

திரைப்படத்தின் மீது குற்றம் உண்டா இல்லையா என்ற வழக்கை இந்தக் கேள்வியிலிருந்துதான் நாம் தொடங்க விரும்புகிறோம்.

முதலில் படவுலகத்தாரின் வாதத்தைக் கேட்போம். “படம் வெறும் பொழுதுபோக்கு, அதைப் பார்த்து எவனும் கெடுவதில்லை” என்பது அவர்கள் வாதம். நல்லது. ஆனால் வெற்றி விழா மேடையில் இதே நாவு வேறு பேசுகிறதே! “எங்கள் படம் சமுதாயத்தைத் திருத்தியது, தாய்மாரின் கண்ணீரைத் துடைத்தது, இளைஞர்க்கு வழிகாட்டியது” என்று முழங்குகிறதே! மாலை வரும்போது படத்துக்கு வலிமை உண்டு. வழக்கு வரும்போது வலிமை இல்லை என்றால், அது என்ன வலிமையோ!

பகுத்தறிவுப் பாசறையில் வளர்ந்தோர்க்கு இந்த இரட்டை நாக்கு கூடாது. 1949இல் ‘வேலைக்காரி’யும், 1952இல் ‘பராசக்தி’யும், 1954இல் ‘இரத்தக்கண்ணீ’ரும் வந்தபோது அவை வெறும் பொழுதுபோக்கு என்றா நாடு எண்ணிற்று? பண்ணையாரின் கொடுமையையும் பூசாரியின் புரட்டையும் பாமரனின் வாய்மொழியாக்கியவை அவை. அதனால்தான் ‘பராசக்தி’யைத் தடை செய் என்ற கூச்சல் எழுந்தது. மக்களை விழிக்க வைத்தது திரை என்று பெருமை பேசுகிற நாமே, மக்களை மயங்க வைக்கவும் திரையால் முடியும் என்பதை மறுத்தால், கணக்கில் வரவை மட்டும் எழுதிச் செலவை மறைக்கும் கடைக்காரனாவோம். பெரியார், சினிமாவை நாட்டைப் பிடித்த நோய்களில் ஒன்றாகவே எண்ணினார் என்பதையும் இங்கே நினைவிற்கொள்வது நல்லது. கலை வழியே கருத்துப் பரப்பலாம் என்ற அண்ணாவும், கலையை ஐயத்தோடு பார்த்த பெரியாரும் ஒன்றில் மாறுபடவில்லை. திரைக்கு வலிமை உண்டு என்பதில் இருவருக்கும் ஐயமில்லை.

அப்படியானால் “படம் கெடுத்துவிட்டது” என்போர் சொல்வது சரிதானா? அதுவும் முழுச் சரியன்று. திரையின் வலிமை எத்தகையது, எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று அளந்து பார்க்க வேண்டும். அதற்கு உலக வரலாற்றில் நன்றாகப் பதிவான ஒரு நிகழ்ச்சி இருக்கிறது. அதைச் சற்று விரிவாகவே பார்ப்போம்.

1915ஆம் ஆண்டு. அமெரிக்காவில் டி. டபிள்யூ. கிரிஃபித் என்பார் ‘ஒரு தேசத்தின் பிறப்பு’ என்ற பொருள்படும் பெயரில் ஒரு படம் எடுத்தார். பேசாப் படம். ஆனால் பேசும் படங்கள் பல சேர்ந்தாலும் பேச முடியாத நஞ்சை அது பேசிற்று. கறுப்பின மக்களைக் காமுகராகவும் மூடராகவும் காட்டி, அவர்களை வேட்டையாடிய கூ க்ளக்ஸ் கிளான் என்ற முகமூடிக் கூட்டத்தை நாட்டைக் காத்த வீரராகக் காட்டியது. வெள்ளை மாளிகையிலேயே அது திரையிடப்பட்டது. அந்தக் கிளான் உள்நாட்டுப் போருக்குப்பின் தோன்றி, 1870களிலேயே ஒடுங்கிப்போன கூட்டம். படம் வெளிவந்த அதே 1915இன் நவம்பரில், ஜார்ஜியா மாநிலத்தின் ஸ்டோன் மலை மீது சிலர் ஏறினர், சிலுவையைக் கொளுத்தினர், கிளான் மீண்டும் பிறந்தது என்றனர். சில நாள்களில் அட்லாண்டா நகருக்குப் படம் வந்தது. செய்தித்தாளில் பட விளம்பரத்தின் அருகே கிளானின் விளம்பரமும் வெளியாயிற்று. ஒன்றுக்கு நுழைவுச்சீட்டு, மற்றொன்றுக்கு உறுப்பினர் சீட்டு! அடுத்த பத்தாண்டுகளில் அதன் உறுப்பினர் தொகை பல இலட்சங்களைத் தாண்டிற்று.

பார்த்தீர்களா, படம்தான் வெறுப்பை உண்டாக்கிற்று என்று இந்த இடத்தில் சிலர் துள்ளி எழக்கூடும். பொறுங்கள். 1892ஆம் ஆண்டு ஒன்றில் மட்டும் அமெரிக்காவில் 200க்கும் மேற்பட்டோர் வெறிக் கும்பல்களால் கொல்லப்பட்டனர். அவர்களில் பெரும்பாலோர் கறுப்பின மக்கள். அன்று கிரிஃபித்தின் படமும் இல்லை, படக் கொட்டகையும் இல்லை. பருத்திக் காட்டு முதலாளிக்குக் கூலி கேட்காத கைகள் தேவைப்பட்டன. வாக்குச்சாவடிக்கு அந்தக் கைகள் வரக்கூடாது என்ற தேவையும் இருந்தது. வெறுப்பு பிறந்த வீடு அது.

பின் படம் என்னதான் செய்தது? எரியும் சிலுவை இருக்கிறதே, கிளானின் அடையாளமாக உலகமே அறிந்த அந்தத் தீ, அது பழைய கிளானின் வழக்கமே அன்று! ஒரு நாவலாசிரியரின் கற்பனை அது. நாவலிலிருந்து படத்துக்கு வந்து, படத்திலிருந்து மலைக்கு ஏறிற்று. வெறுப்பை அந்தப் படம் பெறவில்லை. ஆனால் அதற்கு உடை தைத்துக் கொடுத்தது, சடங்கு வகுத்துக் கொடுத்தது. இருட்டில் முகம் மறைத்துக் கொன்றவனை, பட்டப்பகலில் நெஞ்சு நிமிர்த்தி நடக்க வைத்தது. அதுவரை வெட்கப்பட வேண்டியிருந்த ஒன்றைப் பெருமைப்படத்தக்கதாக ஆக்கிற்று. திரையின் குற்றம் இதுதான். இதற்குக் குறைவாகச் சொன்னால் அது படவுலகத்தாருக்குக் கூலி வாங்கிய வாதம்; இதற்கு மேல் சொன்னால் பருத்திக் காட்டு முதலாளியை விடுதலை செய்யும் வாதம்.

இந்த அளவுகோலைக் கையில் எடுத்துக்கொண்டு நம் ஊருக்கு வருவோம்.

அம்பத்தூர்த் தொழிற்பேட்டை 1960களில் எழுந்தது. ஆவடியில் டாங்கித் தொழிற்சாலையும் படை உடைத் தொழிற்சாலையும் எழுந்தது அந்தக் காலத்தில்தான். ‘சோசலிச பாணி சமுதாயம்’ என்று 1955இல் காங்கிரசு தீர்மானம் நிறைவேற்றிய அதே ஆவடி! (பாணி மட்டும் வந்தது, சோசலிசம் வழியில் எங்கோ இறங்கிக்கொண்டது என்பது வேறு கதை.) அன்று தொழிற்பேட்டையின் லேத்துப் பட்டறைக்கும் வார்ப்படச் சாலைக்கும் வேலை தேடி வந்தவர் யார்? வட ஆர்க்காட்டிலிருந்தும் தென் ஆர்க்காட்டிலிருந்தும் வானம் பொய்த்த ஊர்களிலிருந்தும் வந்தோர். இன்று பீகார், ஒடிசா, சார்க்கண்ட், வங்காளத்திலிருந்து வந்தோரும் அந்த வாயிற்கதவின் முன் நிற்கின்றனர். பூவிருந்தவல்லி வரை மெட்ரோ இரயிலுக்குத் தூண் எழுப்பிய கைகளில் அவர்கள் கையும் உண்டு. நாம் உண்ணும் உணவகத்தில் மேசை துடைப்பவரும் அவரே, நாம் குடியேறும் அடுக்குமாடிக்குச் சாரம் கட்டுபவரும் அவரே.

உள்ளூர்த் தொழிலாளிக்கு அவர் மீது மனத்தாங்கல் உண்டா? உண்டு. அதை மறைப்பதில் பயனில்லை. “8 மணி நேரத்துக்கு நான் கேட்கும் கூலியை, 12 மணி நேரத்துக்கு அவன் வாங்கிக்கொள்கிறானே” என்ற பொருமல், பொய்யிலிருந்து எழுந்ததன்று. ஆனால் அந்தக் கணக்கை எழுதியவர் யார்? ஒரே கொட்டகையில் பலரைப் படுக்கவைத்து, மேற்படி நேரத்துக்குக் கூலி தராமல், சங்கம் என்ற சொல்லே காதில் விழாத தொலைவிலிருந்து ஆள் பிடித்து வரும் ஒப்பந்தக்காரர் எழுதிய கணக்கு அது. மாநிலம் விட்டு மாநிலம் வரும் தொழிலாளரைக் காக்க 1979இலேயே நாடாளுமன்றம் ஒரு சட்டம் செய்தது. ஏட்டில் இருந்த அந்தச் சட்டத்தைப் பட்டறை வாயிலில் பார்த்தவர் சிலரே. 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த புதிய தொகுப்புச் சட்டங்களில் அதுவும் கரைந்துவிட்டது. உள்ளூர்த் தொழிலாளியின் சினம் ஒப்பந்தக்காரரின் மேசை வரை ஏறவில்லை. மேசை உயரம். பக்கத்தில் நிற்கும் பீகாரியின் தோள் உயரமன்று, கைக்கு எட்டுகிறது.

சினம் பிறந்த இடம் இது. இங்கே திரைக்கு என்ன வேலை?

கறுப்பு வெள்ளைக் காலத்திலிருந்தே நம் படங்களில் ஒரு சேட்டு வருவார். தொந்தி, தலைப்பாகை, “நம்பள் நிம்பள்” என்று உடைந்த தமிழ். வட்டிக்கடையில் இருப்பவரை வட்டிக்காக இகழ்ந்திருந்தால் நாமும் கைதட்டியிருப்போம். ஆனால் கொட்டகை சிரித்தது வட்டிக்காக அன்று, அந்த வாய்க்காக. கொள்ளை வட்டி வாங்கிய உள்ளூர்ப் பெருந்தனக்காரர், நல்ல தமிழ் பேசிய காரணத்தால், அந்தச் சிரிப்பிலிருந்து தப்பித்துக்கொண்டார்! பின்னர் சேட்டின் தொந்தி மறைந்தது. அந்த வாய் மட்டும் மிஞ்சிற்று. அதைப் பானிபூரி விற்பவருக்கும் காவற்காரருக்கும் கட்டடத் தொழிலாளிக்கும் பொருத்தினார்கள். வட்டி வாங்கியவருக்கு ஏற்பட்ட இழிவை, வட்டி கட்டுபவன் சுமக்கிறான். கதாநாயகனின் தோழர் அவன் தலையில் தட்டுவார், கொட்டகை சிரிக்கும். தட்டப்பட்டவனுக்குப் பெயர் உண்டா, ஊர் உண்டா, பிள்ளைகுட்டி உண்டா என்று கதை கேட்பதில்லை. ‘கேட்க ஆளில்லாதவன்’ என்ற பாடம் நடத்தப்படும் வகுப்பறைகளில் இது ஒன்று. ஒரே வகுப்பறை என்று நாம் சொல்லவில்லை.

நகைச்சுவைக்கு அடுத்தது அச்சம். 2017இல் வந்த ‘தீரன் அதிகாரம் ஒன்று’ திறமையாக எடுக்கப்பட்ட படம். அதில் மாற்றுக் கருத்தில்லை. அதன் கருப்பொருளும் கட்டுக்கதையன்று. வடக்கிலிருந்து வந்த கொள்ளைக் கூட்டம் நம் நெடுஞ்சாலையோர வீடுகளில் புகுந்து கொன்று கொள்ளையிட்டது நடந்த செய்தி. கும்மிடிப்பூண்டிச் சட்டமன்ற உறுப்பினர் சுதர்சனம் 2005 சனவரியில், நம் திருவள்ளூர் மாவட்டத்தில் தம் வீட்டிலேயே சுட்டுக் கொல்லப்பட்டார். குற்றத்தைக் காட்டியது பிழையன்று. ஆனால் அந்தக் குற்றத்துக்கு விளக்கம் தேடப் புகுந்த படம், 1871இல் வெள்ளையன் எழுதிய குற்றப் பரம்பரைச் சட்டத்தின் மூட்டையை அவிழ்த்தது. இன்னாருக்குப் பிறந்தவன் இன்ன குற்றம் செய்வான் என்பது அந்தச் சட்டத்தின் கரு. பிறப்பு ஒருவனை உயர்த்தும் என்ற மனுவின் வாதமும், பிறப்பு ஒருவனைத் திருடனாக்கும் என்ற வெள்ளையன் வாதமும் ஒரே வயிற்றில் பிறந்த இரட்டைப் பிள்ளைகள் அல்லவா? தமிழ்நாட்டின் சீர்மரபினரிடமிருந்து எதிர்ப்பு எழுந்தது. தயாரிப்புத் தரப்பு வருத்தம் தெரிவித்தது. நம் மண்ணின் மக்களுக்கு வருத்தம் தெரிவிக்க ஆளிருந்தது, நல்லது. வடக்கே அந்தப் பழங்குடிப் பெயரைச் சுமந்து வாழும் உழைப்பாளிக்காகக் கேட்க இங்கே யார் இருந்தார்?

செய்தி ஏடுகளும் தொலைக்காட்சிகளும் மட்டும் தூய்மையா? 2012 பிப்ரவரியில் வேளச்சேரியில், வங்கிக் கொள்ளையர் என்று சொல்லப்பட்ட 5 பேரைக் காவல்துறை சுட்டுக் கொன்றது. அதன்பின், குடியிருப்போர் விவரத்தைக் காவல் நிலையத்தில் கொடுக்க வேண்டும் என்று வீட்டுக்காரர்களுக்கு ஆணை வந்தது. “வடமாநிலத்தவர் கைவரிசை” என்ற தலைப்பு எத்தனை முறை அச்சேறியிருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். உள்ளூர்க்காரன் திருடினால் திருடனுக்குப் பெயர் இருக்கும். வெளியூர்க்காரன் திருடினால் திசைக்கே பெயர் சூட்டப்படும்!

இப்படிச் சிரிப்பாலும் அச்சத்தாலும் ஆண்டுக்கணக்கில் பண்படுத்தப்பட்ட நிலத்தில்தான் 2018இல் ஒரு விதை விழுந்தது. “வடக்கிலிருந்து பிள்ளை பிடிக்கும் கூட்டம் இறங்கிவிட்டது” என்ற வாட்ஸ்அப் செய்தி. ஏப்ரல் இறுதியில் குடியாத்தம் அருகே, இந்தி பேசிய ஒருவர் அடித்துக் கொல்லப்பட்டார். மே மாதம் போளூர் அருகே, சென்னையிலிருந்து உறவினரோடு கோயிலுக்குச் சென்ற ஒரு மூதாட்டி, வழியில் பிள்ளைகளுக்கு மிட்டாய் கொடுத்தார். அன்பாகக் கொடுத்த மிட்டாய் அவர் உயிரைக் குடித்தது. அதே வாரம் நம் மாவட்டத்துப் பழவேற்காட்டில் ஒரு மனிதரை அடித்துப் பாலத்தில் தொங்கவிட்டது கூட்டம்.

இந்தக் கொலைகளை எந்தப் படம் செய்தது? எந்தப் படமும் இல்லை. கதாநாயகன் இல்லை, பின்னணி இசை இல்லை; முகமறியாத ஒருவன் அனுப்பிய சில வரிகள் போதுமானதாக இருந்தன. போளூரில் இறந்த மூதாட்டி வடக்கத்தியரும் அல்லர், தமிழ்ப் பெண்மணி. ‘வெளியான்’ என்ற அச்சு வார்த்து வைக்கப்பட்டபின், அதில் யாரை ஊற்றினாலும் உருவம் வந்துவிடுகிறது! வடக்கனுக்கென்று வெட்டிய குழியில் சென்னைப் பாட்டி விழுந்தார். அந்த ஆண்டு சூலையில் வாட்ஸ்அப் நிறுவனம், ஒரு செய்தியை ஒரே நேரத்தில் 5 பேருக்கு மேல் அனுப்ப முடியாதென்று இந்தியாவில் கட்டுப்பாடு விதித்தது. குழாயின் வாய் சுருங்கிற்று. தொட்டியில் இருந்த நீரைப் பற்றி எவரும் பேசவில்லை.

5 ஆண்டு கழித்து அந்தக் குழாய் நம் பக்கம் திருப்பப்பட்டது. 2023 மார்ச்சில், தமிழ்நாட்டில் பீகார்த் தொழிலாளர் கொல்லப்படுகின்றனர் என்று வடக்கே ஒரு பொய்ப் புயல் வீசிற்று. காட்டப்பட்ட காட்சிகளில் ஒன்று, கோவையில் உள்ளூர்க்காரர்கள் தமக்குள் மோதிக்கொண்டது. இன்னொன்று, திருப்பூரில் வெளிமாநிலத்தவரே தமக்குள் மோதியது. ஒரு காட்சியைப் பாட்னா நகரில் வாடகை வீடொன்றில் நடித்தே படமெடுத்திருந்தனர்! பீகாரிலிருந்து அதிகாரிகள் குழு வந்தது, பார்த்தது, பொய் என்று உணர்ந்து திரும்பிற்று. தமிழன் என்றால் கொலைகாரன் என்று ஒரு மாநிலமே சில நாள் நம்பியபோது நமக்கு எவ்வளவு எரிந்தது! ஊடகம் வெறுப்பைப் பரப்புகிறது என்று அன்று நாம் ஒரே குரலில் சொன்னோம். அந்தக் குரலை 2018க்கும் கொடுத்திருக்க வேண்டாமா என்பதே நம் கேள்வி.

நாமே அந்த இடத்தில் நின்ற காலமும் உண்டு. இளைய தோழர்கள் அறிந்திருக்க வாய்ப்பில்லை, ஆகவே சொல்கிறோம். 1960இல் பம்பாயில் பால் தாக்கரே என்ற கேலிச்சித்திரக்காரர் ‘மார்மிக்’ என்றொரு கிழமை இதழைத் தொடங்கினார். நம்முடையதைப் போல வார இதழ்தான். அதில் ஒரு பகுதி மிக எளிமையானது. கட்டுரையில்லை, கவிதையில்லை, வெறும் பெயர்ப் பட்டியல். இன்ன நிறுவனத்தில் இன்னின்ன அதிகாரிகள் என்று தென்னாட்டுப் பெயர்களை வரிசையாக அச்சிட்டு, ‘படித்துவிட்டுச் சும்மா இருங்கள்’ என்ற பொருளில் கேலியாய் ஒரு தலைப்புக் கொடுத்தனர். படித்தவர்கள் சும்மா இருக்கவில்லை. 1966இல் சிவசேனை பிறந்தது. “லுங்கிவாலா” என்பது வசைச்சொல்லாயிற்று. உடுப்பி உணவகங்கள் தாக்கப்பட்டன. மாதுங்காவிலும் தாராவியிலும் இருந்த தமிழன், வேட்டியோடு தெருவில் இறங்க அஞ்சினான். பம்பாயில் மராட்டிய இளைஞனுக்கு வேலைத் தட்டுப்பாடு இருந்தது உண்மை. அந்த இதழ் தட்டுப்பாட்டை உண்டாக்கவில்லை. தட்டுப்பாட்டுக்குத் தமிழன் என்று பெயர் வைத்தது. பெயரோடு முகவரியையும் சேர்த்துக் கொடுத்தது. வேலை தராத ஆலை முதலாளியின் பெயர் அந்தப் பட்டியலில் இடம்பெற்றதா?

அன்று மாதுங்காவில் தமிழன் எதுவோ, இன்று பட்டரைவாக்கத்தில் பீகாரி அது. இந்தித் திணிப்பை எதிர்த்து 1938இலும் 1965இலும் நடந்த போர், டில்லி ஆதிக்கத்தை எதிர்த்து நடந்த போர். அந்த ஆதிக்கத்தின் காலடியில் நசுங்கி, பிழைப்புத் தேடி இரயிலில் வந்த சார்க்கண்டுத் தொழிலாளிக்கு எதிராக நடந்ததன்று. இந்த வேறுபாட்டை மழுப்பி, அவரைப் ‘படையெடுத்து வந்தவர்’ என்று மேடையில் பேசுகிறவர் எந்தக் கொடியைப் பிடித்தவராயினும், ‘மார்மிக்’ இதழின் சந்தாதாரரே.

சரி, வெறுப்பைத் தூண்டும் படத்தைத் தடை செய்துவிடலாமா?

நாசிகள் காலத்து வழக்குகள் இரண்டு உண்டு. யூத வெறுப்பைக் கிழமைதோறும் அச்சிட்ட ஸ்ட்ரைச்சர், தம் கையால் எவரையும் கொன்றதில்லை; எனினும் 1946இல் தூக்கிலிடப்பட்டார். அதே வெறுப்பை 1940இல் படமாக எடுத்த ஃபைட் ஹார்லன் இருமுறை விசாரிக்கப்பட்டு இருமுறையும் விடுதலையானார். நீதிமன்றங்களே திணறிய வழக்கு இது. ஒப்புக்கொள்வோம்.

நம் நாட்டு வழக்கு இன்னும் சுவையானது. ‘ஒரே ஒரு கிராமத்திலே’ என்ற தமிழ்ப் படம், சாதி அடிப்படையிலான இடஒதுக்கீட்டைத் தாக்கி எடுக்கப்பட்டது. ஒடுக்கப்பட்டோர் அமைப்புகள் கொதித்தெழுந்தன, தடை கேட்டன. சென்னை உயர்நீதிமன்றம் படத்தின் சான்றிதழை நீக்கியது. உச்சநீதிமன்றமோ 1989 மார்ச்சில் அதை மீட்டுக் கொடுத்தது. வெடிமருந்துப் பீப்பாயில் விழும் தீப்பொறி போல, பேச்சுக்கும் தீங்குக்கும் நெருங்கிய தொடர்பு இருந்தாலொழியத் தடுக்கலாகாது. கலகம் வரும் என்று அரசு அஞ்சினால் கலகத்தை அடக்குவதே அதன் கடமை என்பது தீர்ப்பின் சாரம். படம் வந்தது. தேசிய விருதும் பெற்றது. இடஒதுக்கீடு அதனால் கரைந்து போயிற்றா? 1994இல் 69 விழுக்காட்டுக்குச் சட்டமே வந்தது! அந்தப் படத்தின் வாதத்தை வீழ்த்தியது தணிக்கைக் கத்தரி அன்று. மேடையும் ஏடும் மக்கள் மன்றமும்.

கத்தரிக்கு எது கண்ணில் படும், எது படாது என்பதற்கு அண்மைச் சான்று ஒன்று தருகிறோம். எழுத்தாளர் பாஸ்கர் சக்தி ஒரு படம் எடுத்தார். பெயர் ‘வடக்கன்’. தேனிப் பக்கத்து ஊர் ஒன்றில் குடிக்கு அடிமையான ஒரு மின்பணியாளர். அண்டை வீட்டில் வடக்கிலிருந்து வேலைக்கு வந்த இளைஞர். தன் தோல்விக்கெல்லாம் அந்த இளைஞனே காரணம் என்று இவர் நெஞ்சில் புகையும் பகையே கதை. அதாவது, அந்தச் சொல்லுக்குள் எவ்வளவு நஞ்சு இருக்கிறது என்று பிளந்து காட்டப் புறப்பட்ட படம். தணிக்கை வாரியம் என்ன செய்தது? அந்தச் சொல்லைத் தலைப்பில் வைக்கக்கூடாது என்றது. ‘ரயில்’ என்று பெயர் மாற்றி 2024 சூனில் படம் வெளிவந்தது. தலைப்பலகையிலிருந்து சொல் நீங்கிற்று, தேநீர்க்கடையிலிருந்து நீங்கிற்றா? தலையில் தட்டிச் சிரிக்கும் படங்களுக்குக் குடும்பத்தோடு பார்க்கலாம் என்று சான்று கொடுத்த கை, தட்டுவது தவறு என்ற படத்தின் நெற்றிப் பெயரை அழித்தது!

‘ரயில்’ குறையற்ற படமன்று. நல்லெண்ணம் உள்ள படம் என்பதற்காக நாம் திறனாய்வைத் தளர்த்தப் போவதில்லை. அந்த வடநாட்டு இளைஞன் அன்பே உருவானவன், அண்டை வீட்டுப் பெண்ணை உடன்பிறந்தாளாய் எண்ணுபவன், சிரித்த முகத்தினன். அப்படிப்பட்டவன் இறக்கிறான், அவன் குடும்பம் இரயிலேறி வருகிறது, நம் கண் கலங்குகிறது. கலங்கட்டும். ஆனால் அவன் கொஞ்சம் முரடனாக, கொஞ்சம் கடன்காரனாக, நம் மின்பணியாளரைப் போலவே இரவில் கொஞ்சம் குடிப்பவனாக இருந்திருந்தால்? அப்போதும் அவனை வெறுக்கக்கூடாது என்று படம் நம்மை நம்ப வைத்திருக்குமா? நல்லவன் என்று சான்று காட்டினால்தான் அயலானுக்கு நம் ஊரில் இடம் என்பது, வெறுப்பின் வாசலில் நின்று கேட்கும் இரவல் அனுமதி. சாவுதான் பகையைக் கரைக்கிறது என்பதும் எளிய வழி. உயிரோடிருப்பவனோடு ஒரே சுவரைப் பகிர்ந்துகொண்டு வாழ்வதுதான் கடினம். அந்தக் கடினத்தின் கதவு வரை வந்து படம் நின்றுவிடுகிறது.

எனினும், இறந்தவனுக்குப் பெயர் கொடுத்தது, ஊர் கொடுத்தது, அழுவதற்கு ஒரு தாய்மண்ணைக் கொடுத்தது. எத்தனையோ படங்களில் தலையில் தட்டு வாங்கிவிட்டுச் சட்டகத்தைவிட்டு வெளியேறியவன், இதில் கதைக்குள் நுழைந்து அமர்ந்தான். பல பெரிய படங்கள் செய்யத் துணியாத வேலையை இந்தச் சிறிய படம் செய்தது.

அம்பத்தூர், ஆவடி, பூவிருந்தவல்லித் தோழர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் படிப்பகங்களில் ஞாயிறுதோறும் நூல் திறனாய்வு நடத்துகிறீர்கள். ஒரு ஞாயிறு இந்தப் படத்தை எடுத்துக்கொள்ளுங்கள். இடைவெட்டாக, அவரவர் நினைவிலுள்ள ‘நம்பள் நிம்பள்’ காட்சி ஒன்றையும் போட்டுப் பாருங்கள். எந்த இடத்தில் சிரித்தோம், யார் தலையில் தட்டு விழுந்தபோது சிரித்தோம் என்று பேசுங்கள். தொழிற்பேட்டையில் உங்களோடு ஒரே ஷிப்டில் நிற்கும் வடமாநிலத் தோழர்களையும் அழையுங்கள். தமிழ் முழுதும் புரியாதே என்று தயங்க வேண்டாம். தட்டு விழும் காட்சி எந்த மொழியிலும் புரியும். விவாதத்தில் அவர்களுக்கும் நேரம் கொடுங்கள். ஒப்பந்தக்காரர் ஒரு நாளைக்கு என்ன தருகிறார், எவ்வளவு பிடிக்கிறார் என்பதையும் அப்படியே கேட்டு எழுதி அனுப்புங்கள். வரும் இதழ்களில் இடம் ஒதுக்கி வைத்திருக்கிறோம்.